லெவல் அக்கா

தீ பிடித்த அன்றும் அவர் குரல் உயரவில்லை.

ஆம்பூரில், கைக்கடிகாரங்களுக்குத் தோல் வார் தைத்து ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலை அது. பசை அறையில் ஒரு டப்பா பற்றிக்கொண்டதை முதலில் பார்த்தவர் அவர்தான். தையல் வரிசைக்கு நடந்து வந்தார். "சொல்யூஷன் ரூம்ல தீ பிடிச்சிருக்கு. மிஷின ஆஃப் பண்ணிட்டு எல்லாரும் வெளிய போங்க" என்றார். டீ வந்துவிட்டது என்று சொல்வதும் அவருக்கு இதே குரல்தான். நாற்பது பெண்களில் ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. கையிலிருந்ததை முடித்துவிட்டு எழலாமென்று ஒருத்தி இன்னும் நாலு தையல் போட்டாள். ஜன்னலில் புகை தெரிந்த பிறகுதான் நாற்காலிகள் கவிழ்ந்தன. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. நாலு தையல் போட்டவளுக்கு மட்டும் முன்முடியும் ஒரு புருவமும் பொசுங்கின.

"கத்தியிருக்கலாம் இல்லக்கா?" என்று மறுநாள் அவள் கேட்டாள்.

அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார். "நான் சொன்னது உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

"அப்புறம் இன்னா?"

பக்கத்தில் நின்றிருந்த எனக்கு முதுகு சில்லிட்டது. அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதனால்தான் சில்லிட்டது.

லெவல் அக்கா என்பது தையல் வரிசை வைத்த பெயர். கொத்தனார் சுவரின் மேல் வைத்துக் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பாரே, அந்த லெவல். கேலிக்கு வைத்ததா மரியாதைக்கு வைத்ததா என்று வைத்தவளுக்கே தெரியாது. அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். மாதிரிகள் பிரிவில் கடிதம் எழுதிக்கொண்டிருந்த நான் மூன்று வயது மூத்தவன். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை சார் என்பார். கல்யாணத்துக்கு முன் ஒரு கடிகாரத் தொழிற்சாலையில் ஏழு வருடம் உள்பாகங்களைக் கோத்தவர். எள்ளைவிடச் சிறிய திருகாணியை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று அங்கே விரலுக்குப் பழக்கியிருந்தார்கள். பழக்கம் விரலோடு நிற்கவில்லை. கணவருக்கு ஜோலார்பேட்டை ரயில்வேயில் வேலை. பின்னாளில் அரக்கோணத்துக்கு மாற்றலாகிப் போனார்கள். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

தைத்து முடிந்த வாரைச் சரிபார்ப்பது அவர் வேலை. இரண்டு நுனியையும் பிடித்து ஒரே ஒரு தடவை இழுப்பார். காலை எட்டரைக்கு முதல் வாரை இழுத்த இழுப்புதான் மாலை ஐந்தரைக்குக் கடைசி வாருக்கும். நான் பொறாமையோடு பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்குக் காலையில் ஒரு கை, மாலையில் வேறு கை. காலையில் எழுதும் வியாபாரக் கடிதத்தில் தேவையில்லாமல் நிலா வந்துவிடும்; மாலையில் எழுதுவதில் பல் கடிக்கும் சத்தம் கேட்கும். உட்கார்ந்தால் கால் ஆடும். நின்றால் சாவிக்கொத்து ஆடும்.

நன்றாகத் தைத்தவளுக்கும் புதிதாக வந்து திக்கித் திணறித் தைத்தவளுக்கும் அவர் வாயிலிருந்து கிடைப்பது "சரியா இருக்கு" என்ற ஒரே வார்த்தை. பதினைந்து வருட அனுபவம் உள்ள ஒரு தையல்காரி அதற்காக ஒரு நாள் கழிவறையில் நின்று அழுதாள். லெவல் அக்காவின் மாமியார் இறந்த செய்தி இன்னொரு நாள் மத்தியானம் போனில் வந்தது. எடுத்த கட்டு வார்களில் மீதம் இருந்த பதினொன்றையும் இழுத்துப் பார்த்து, பதிவேட்டில் எழுதி, மூடி வைத்துவிட்டு, "மாமியார் தவறிட்டாங்க, கெளம்புறேன்" என்றார். அவர் கேட்டைத் தாண்டியதும் வரிசையே பேசியது. கல்லு, என்றாள் ஒருத்தி. ஆனால் அந்த மாமியாரைக் கடைசி இரண்டு வருடம் படுக்கையில் புரட்டிப் படுக்க வைத்துத் துடைத்துவிட்டது இதே கைதான் என்று ஜோலார்பேட்டையிலிருந்து வரும் இன்னொருத்தி சொன்னதும் எல்லோரும் மிஷினுக்குத் திரும்பினார்கள்.

சாயங்காலம் நானும் அவரும் ஒரே ரயிலுக்கு நிற்போம். நான் வாணியம்பாடியில் இறங்குகிறவன். பிளாட்பாரத்தில் அவர் வேர்க்கடலை வாங்கினால் பொட்டலத்தில் பாதி எனக்கு வரும். மேனேஜர் என்னை எல்லோர் முன்னும் திட்டிய அன்றும் பாதி. முதலாளி என்னைப் பாராட்டிய அன்றும் பாதி. ஆறுதலுக்காக நாலு கடலை கூடுதலாக விழாதா என்று உள்ளங்கையைப் பார்த்திருக்கிறேன்.

அந்தக் கடிகாரம் வந்தது ஒரு சித்திரை மாதம்.

சுவிட்சர்லாந்திலிருந்து ஒரு கடிகாரக்காரர் அனுப்பியிருந்தார். வருடத்துக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய கடிகாரங்கள்தான் செய்கிறவராம். வார் எங்களுடையது, கடிகாரம் அவருடையது. எங்கள் ஊர் வெயிலிலும் வேர்வையிலும் வார் இறுகுகிறதா, தளர்கிறதா, அதனால் மணிக்கட்டில் கடிகாரம் எப்படி நிற்கிறது, நேரம் எவ்வளவு விலகுகிறது என்று பத்து நாள் பார்க்க வேண்டும். தினமும் காலை ஒன்பது மணிக்கு நேரத்தை ஒப்பிட்டு, முந்தைய நாளைவிட எத்தனை வினாடி மாறியது என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அது லெவல் அக்காவின் பொறுப்பு. கட்டிக்கொள்கிறவர் நிறைய அசைகிறவராக இருக்க வேண்டும் என்று கடிதத்தில் இருந்தது. மேனேஜர் அந்த வரியைச் சத்தமாக வாசித்துவிட்டு என் காலைப் பார்த்தார். கால் ஆடிக்கொண்டிருந்தது.

"ஒரு கீறல் விழுந்தாலும் நீ அப்படியே வீட்டுக்குப் போய்டு" என்று சொல்லித்தான் என் கையில் கட்டவைத்தார். அவர் விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் இல்லை. இதற்கு முன்பு இருந்த கம்பெனி மூடி, இரண்டு வருடம் வேலையில்லாமல் தோல் மண்டிகளின் வாசலில் நின்றவன் நான். அந்த வருடங்களில் என் மகள் பள்ளிக்கூடப் படிவத்தில் அப்பாவின் தொழில் என்ற இடத்தைக் காலியாக விட்டு என்னிடம் நீட்டுவாள். அந்தக் காலி இடத்துக்குத் திரும்பிப் போக எனக்குத் தெம்பு இல்லை.

தையல் வரிசை முழுக்கக் கடிகாரத்தைப் பார்க்க வந்தது. வினாடி முள் வழுக்கிக்கொண்டு போகவில்லை. டக், டக் என்று ஒவ்வொரு வினாடிக்கும் ஒரு குதி.

"இன்னாக்கா, பஸ் ஸ்டாண்டுல விக்கிற பேட்டரி வாட்ச் மாதிரி குதிக்குது. இதுக்கா இவ்ளோ பேஜாரு?"

"இதுல பேட்டரி இல்ல" என்றார் அவர். "பெரிய ஸ்ப்ரிங் ஒன்னு இருக்கு. சாவி குடுத்ததும் ரொம்ப பலமா தள்ளும். ரெண்டாம் நாள் அதுக்குக் கை தளர்ந்துடும். சாதா வாட்சுல அந்த ஜாஸ்தி கம்மி எல்லாம் நேரா சக்கரத்துக்குப் போய்டும், நேரம் மாறும். இதுல நடுவுல ஒரு சின்ன ஸ்ப்ரிங் வெச்சிருக்காரு. அது பெரியவன்கிட்ட செகண்டுக்கு ஒரு தடவ வாங்கிக்கும். வாங்குறது எப்பவும் ஒரே அளவு. அந்த அளவத்தான் சக்கரத்துக்குக் குடுக்கும். அது வாங்குறப்பதான் முள்ளு குதிக்குது."

"பெரியவன் சுத்தமா ஓஞ்சுட்டா?"

"வாங்க முடியலன்னா நின்னுடும். தப்பா ஓடாது."

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாளுக்கு ஒரு முறைதான் சாவி கொடுக்க வேண்டும் என்பது உத்தரவு. பலமான முதல் நாளும் தளர்ந்த இரண்டாம் நாளும் ஒன்றுபோல ஓடுகிறதா என்று பார்க்கத்தான். முதல் நாள் ஒரு வினாடி கூடுதல். இரண்டாம் நாள் ஒரு வினாடி. மூன்றாம் நாள் ஒரு வினாடி. நோட்டில் ஒன்றின் கீழ் ஒன்றாக நின்றது. நான் ரயிலில் தொங்கினேன், மாடிப்படிகளில் இரண்டிரண்டாகத் தாவினேன், முதலாளியிடம் நடுங்கினேன். என் கையின் மேல் உட்கார்ந்திருந்த அந்தப் பொருளுக்கு எதுவும் எட்டவில்லை. ஏழு நாளும் ஒன்று.

எட்டாம் நாள் காலை ஒன்பது மணிக்குக் கையை நீட்டினேன். லெவல் அக்கா செல்போனைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நாலு நிமிஷம் பத்து செகண்ட் ஜாஸ்தி" என்றார்.

சொல்லிவிட்டு அதையே நோட்டில் எழுதினார். பேனா நின்ற பிறகு கேட்டார். "நேத்து எங்க வெச்சீங்க சார்?"

"எங்கயும் வெக்கல மேடம்."

போனில் திசைகாட்டியைத் திறந்து மேசையில் வைத்தார். கடிகாரத்தைக் கழற்றி அதன் அருகே கொண்டுபோனார். முள் வடக்கை விட்டுவிட்டுக் கடிகாரத்தின் பக்கம் திரும்பியது.

"காந்தம் ஏறியிருக்கு. நேத்து எங்க வெச்சீங்க?"

சொன்னேன். எங்கள் கூரையின் கீழேயே கைப்பை தைக்கும் பிரிவும் உண்டு. பையின் மூடி தானாக ஒட்டிக்கொள்ள ஒரு காந்தப் பொத்தான் வைப்பார்கள். அட்டைப் பெட்டி அட்டைப் பெட்டியாக அது வந்து இறங்கும். மத்தியானம் அங்கே இருக்கும் நண்பனோடு சாப்பிட உட்கார்ந்தேன். கை கழுவும்போது வாரில் தண்ணீர் படக்கூடாதே என்று கழற்றி, பக்கத்தில் சுத்தமாக இருந்த ஒரு பெட்டியின் மேல் வைத்தேன். வாரைக் காப்பாற்றுவதில் அவ்வளவு கவனம். அரைமணி நேரம் அங்கேயே இருந்தது.

"உள்ள சக்கரத்துல முடி மாதிரி இன்னொரு ஸ்ப்ரிங் இருக்கும். காந்தம் ஏறினா அதோட சுத்துங்க ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கும். அப்ப வேகமா ஓடும்" என்றார். "தள்ளுற கை சரியாத்தான் தள்ளுது. வாங்குறவன் கெட்டுட்டான்."

கடிகாரக்காரரின் ஆள் அன்று சென்னையிலிருந்து பதினொன்றரைக்கு வருவதாக இருந்தது. நோட்டையும் கடிகாரத்தையும் பார்க்கத்தான் வருகிறார். பஜாரில் ஒரு கடிகாரக் கடை பாயிடம் காந்தம் இறக்கும் பெட்டி இருந்தது, நிமிட வேலை. ஆனால் எங்கள் தொழிற்சாலையிலிருந்து ஒரு ஊசி வெளியே போவதென்றாலும் கேட் பாஸ் வேண்டும். அதில் காரணம் எழுத வேண்டும். மேனேஜர் கையெழுத்துப் போட வேண்டும்.

"மேடம், காரணத்துல பேட்டரி மாத்தணும்னு எழுதுங்களேன்" என்றேன். பயத்தில் அறிவும் போயிருந்தது.

அவர் 'காந்தம் ஏறியுள்ளது, நீக்க' என்று எழுதினார்.

மேனேஜர் அதைப் படித்தார். என்னைத் திட்டவில்லை. மணியைப் பார்த்தார். தன் பைக்கிலேயே அவரை ஏற்றிக்கொண்டு பஜாருக்குப் போனார். நான் அறையில் சுவரோடு சுவராக நின்றேன். வரிசையில் நாற்பது மிஷின்களும் ஓடின. நாற்பது தலைகளும் மிஷினைப் பார்க்காமல் என்னைப் பார்த்தன. முன்முடி பொசுங்கியவள் மட்டும் எழுந்து வந்து, "லெவல் அக்காகிட்ட அழுதுடாதீங்க சார். அதுக்கும் அளவு பாப்பாங்க" என்றாள்.

பத்தே முக்காலுக்குத் திரும்பினார்கள். திசைகாட்டியின் முள் இப்போது அசையவில்லை. நேரத்தைத் திருத்தி வைத்தார். முள் குதித்தது, டக், டக், பழையபடி.

மேனேஜர் ஒரு புது நோட்டை என் முன் போட்டார். "ஏழு நாளையும் அப்படியே காப்பி பண்ணு. எட்டுக்கும் ஒன்னு போடு."

எழுதினேன். எட்டாவது வரியில் போட்ட ஒன்று என்பது ஒரே ஒரு கோடு. என் வாழ்க்கையில் எழுதிய பொய்களில் அவ்வளவு சிறியது வேறு இல்லை.

"கையெழுத்து போடும்மா" என்று மேனேஜர் நோட்டை லெவல் அக்கா பக்கம் தள்ளினார்.

அவர் பழைய நோட்டைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டார். ஒவ்வொரு வரியாகக் கையெழுத்துப் போட்டார். ஏழு போட்டதும் பேனாவை மூடினார்.

"இன்னாம்மா, வாட்ச் ஓடுது இல்ல?"

"இப்ப சரியா ஓடுது சார். காலைல ஓடல."

"இவன் வேலை போய்டும், தெரியும் இல்ல?"

"தெரியும் சார்."

கீழே கார் சத்தம் கேட்டது.

வந்தவர் சிரித்த முகக்காரர். கைப்பையிலிருந்து ஒரு சின்ன இயந்திரத்தை எடுத்தார். கடிகாரத்தை அதன் பிடியில் மாட்டினால் துடிப்பைக் கேட்டுத் திரையில் கோடாகக் காட்டும். கோடு நீண்டது. ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி. "பியூட்டிஃபுல்" என்றார். மேனேஜர் என் தோளைத் தட்டினார். எனக்குக் கால் ஆட ஆரம்பித்தது. தப்பித்துவிட்டேன் என்று காலுக்குத் தெரிந்துவிட்டது.

வந்தவர் நோட்டைப் புரட்டினார். "எட்டாம் நாள் கையெழுத்து ஏன் காலியா இருக்கு?"

"மறந்துட்டாங்க சார். போடும்மா." மேனேஜர் தன் பேனாவையே திறந்து நீட்டினார்.

பேனா அந்தரத்தில் நின்றது. நான் லெவல் அக்காவைப் பார்த்தேன். கெஞ்சினேன் என்றுதான் சொல்ல வேண்டும், வாய் திறக்கவில்லையே தவிர.

"இன்னிக்குக் காலைல நாலு நிமிஷம் பத்து செகண்ட் ஜாஸ்தி இருந்துச்சு சார்" என்றார் அவர். "இவர் நேத்து கழட்டி மேக்னட் பட்டன் பெட்டி மேல வெச்சுட்டார். கழட்டக் கூடாதுன்னு நான் சொல்லியிருந்தேன். பட்டன் பெட்டி பக்கம் போகக் கூடாதுன்னு சொல்லல. அது என் தப்பு. பஜார்ல காந்தம் எறக்கிட்டு வந்தோம். பழைய நோட்டு இது."

என் தப்பையும் தன் தப்பையும் ஒரே எடையில் மேசைமேல் வைத்தார். வந்தவர் பழைய நோட்டை நிதானமாகப் படித்தார். சிரிப்பு போயிருந்தது.

"எட்டாம் நாளை அடிச்சிடலாம். இன்னிலேர்ந்து மறுபடி பத்து நாள்" என்றார் கடைசியில்.

"கண்டிப்பா சார். ஆள மாத்திடுறோம். இவன் இனிமே இங்க இருக்க மாட்டான்" என்றார் மேனேஜர். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. நான் சட்டைப்பையில் இருந்த அடையாள அட்டையைத் தொட்டுப் பார்த்தேன்.

"ஆள மாத்தினா இந்த ஏழு நாளும் உதவாது சார்."

லெவல் அக்காதான். அதே குரல்.

"அவர் கை வேற, வேர்வை வேற, ஆட்டம் வேற. வேற கைல கட்டினா அது வேற டெஸ்ட். இதே கைல, இதே ஓட்டைல போட்டாத்தான் முன்ன எடுத்ததோட சேர்த்துப் பாக்க முடியும்."

வந்தவர் தலையை ஆட்டினார். "கரெக்ட். அதே ஆள்தான் கட்டணும்." நோட்டின் ஓரத்தில் அதையே எழுதிக் கையெழுத்தைச் சுழித்தார். மேனேஜரின் பேனா இன்னும் திறந்தே இருந்தது.

கார் போனதும் மேனேஜர் என்னிடம் சொன்னது இரண்டே வார்த்தை. "பத்து நாள்."

அன்று சாயங்காலம் பிளாட்பாரத்தில் கேட்டுவிட்டேன். "என்னைக் காப்பாத்தணும்னுதானே மேடம் அப்படிச் சொன்னீங்க?"

"இல்ல சார்."

"கொஞ்சம்கூடவா?"

அவர் யோசித்தார். நியாயமாக யோசித்தார், உள்ளே எங்காவது இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பதுபோல. "கை மாறினா கணக்கு மாறும். அதத்தான் சொன்னேன்."

ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், அந்த ராத்திரி நான் தூங்கியிருப்பேன். பொய்யாகவே இருந்தாலும். என்னைக் காட்டிக்கொடுத்ததற்கு அவரை வெறுக்கவும் முடியவில்லை. மீட்டதற்கு நன்றி சொல்லவும் இடம் தரவில்லை. வாணியம்பாடியில் இறங்கும்போது கதவருகே வந்து, "நாளைக்கு ஒம்போது மணி" என்றார்.

பத்து நாள் நான் நானாக இல்லை. இடது கையை பாத்ரூம் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டு குளித்தேன். தலையணையின் மேல் கையைத் தனியாகப் படுக்கவைத்தேன். "அதுக்கும் ஒரு போர்வை போடட்டுமா?" என்றாள் மனைவி. கைப்பைப் பிரிவைத் தாண்டாமல், கொதிக்கும் வெயிலில் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு மாதிரி அறைக்குப் போனேன். ஒன்று, ஒன்று, ஒன்று என்று நோட்டில் விழுந்தது. ஒவ்வொரு காலையும் அந்தச் சொல் வரும்வரை என் கால் ஆடவில்லை.

கடைசி நாள் மேனேஜரும் வந்து நின்றார். கையை நீட்டினேன். லெவல் அக்கா போனைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒன்னு" என்றார்.

நாலு நிமிஷம் பத்து செகண்ட் என்று சொன்ன அதே குரல். எழுதினார். கையெழுத்துப் போட்டார். மேனேஜர் நோட்டை வாங்கிப் பத்து வரியையும் விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். கடிகாரத்தை என் கையிலிருந்து தானே அவிழ்த்துப் பெட்டியில் வைத்தார். என்னை ஒரு முறை பார்த்தார். பெட்டியோடு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சாத்திய கதவுக்கு என்ன அர்த்தம் என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன். மணிக்கட்டில் வெயில் படாத வெள்ளைப் பட்டை மட்டும் இருந்தது. லெவல் அக்கா மேசையிலிருந்து ஒரு வாரை எடுத்து இழுத்தார். கீழே வைத்தார். அடுத்ததை எடுத்தார்.

"சார், பிரவுன் நூல் நாலு உருண்டைதான் இருக்கு. ஆர்டர் போட்டுடுங்க. உங்களுக்கு அடுத்த வாரம் சாம்பிளுக்கு வேணும்."

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். படிவத்தை எடுத்தேன்.

"எத்தனை உருண்டை மேடம்?"

"பன்னெண்டு" என்றார்.